காசி, கயா, பூரி: ஆறு பேருக்குக் குறைந்த செலவில் ரயில் டிக்கெட்

(வாசகர் கேள்விக்கு ஆலோசனை: ரயில் பயணம், கட்டணம்)

மதுரையிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ராமேசுவரத்தில் எடுத்த மணலைப் பிரயாகையில் சேர்த்து, காசி, கயா முடித்து, அப்படியே பூரி ஜகந்நாதரையும் தரிசித்துவிட்டு, கங்கை நீரோடு ராமேசுவரம் திரும்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். மொத்தம் சுமார் 20 நாள். தை அமாவாசையன்று திரிவேணியில் நீராட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. உடன் வருபவர்கள்: இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 66 வயதுக் கணவர், பிறவியிலேயே முழுமையாகப் பார்வையில்லாத 54 வயது நாத்தனார், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி.

யார் யாரோ சொன்னதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறார். "நேர் டிக்கெட் எடுக்காதீங்க, துண்டு துண்டா எடுத்தாத்தான் மலிவு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பையன். "கயா வரைக்கும் ஒரே டிக்கெட் எடுத்துட்டு நடுவுல இறங்கி இறங்கிப் போகலாம்" என்கிறார் கோயிலில் பழக்கமான ஒருவர். மூத்த குடிமக்கள் சலுகையும் இதய நோயாளிச் சலுகையும் தன் கணவருக்குக் கிடைக்கும் என்று இவரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஏஜென்ட் ஒருவர் எல்லா டிக்கெட்டையும் தன் ஐடியில் போட்டுத் தருவதாகச் சொல்லி, தலைக்கு 600 ரூபாய் 'சர்வீஸ்' கேட்கிறார். "எது மலிவு, எது சரி?" என்பது கேள்வி.

அம்மா, கடிதம் முழுக்கச் சில்லறைச் செலவுகளைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய தொகை மிச்சமாகும் இடத்தை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நாத்தனாருக்குப் பார்வை இல்லை என்று எழுதிய வரிதான் அது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாத்தனாருக்கும் துணைக்கு வருபவருக்கும் நான்கில் ஒரு பங்கு கட்டணம்

முழுமையாகப் பார்வையற்றவர்களுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதம். துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே அளவு சலுகை. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச் 20 முதல் நிறுத்திய ரயில்வே, மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தச் சலுகையை நிறுத்தவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்றடுக்கு ஏசியின் அடிப்படைக் கட்டணம் ஸ்லீப்பரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதில் கால் பங்கு என்றால், ஸ்லீப்பரின் முழுக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள்தான் வரும். முன்பதிவுக் கட்டணம் 40 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட் ரயிலானால் இன்னொரு 45, மேலே 5 சதவீத ஜிஎஸ்டி. இத்தனையும் சேர்த்தாலும், தொலைதூரப் பயணத்தில் நாத்தனாரும் துணைக்கு வருபவரும் ஸ்லீப்பருக்கு முழுக் கட்டணம் கொடுப்பதைவிடக் குறைவான செலவில் ஏசியில் போகலாம். நீங்கள் ஆறு பேருக்கும் ஸ்லீப்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீண்ட பயணங்களுக்கு மட்டும் ஆறு பேரும் மூன்றடுக்கு ஏசியில் போனால் உண்மையில் எவ்வளவு கூடுகிறது என்று இந்தச் சலுகையை வைத்து மறுபடி கூட்டிப் பாருங்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இரண்டு இரவு தொடர்ந்து பயணம் செய்கிறார் என்பதால் சொல்கிறேன்.

சலுகை பெற வேண்டிய வழி: அரசு மருத்துவரிடம் ரயில்வேயின் குறிப்பிட்ட படிவத்தில் சலுகைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைப் புகைப்படம், அடையாள ஆவணம், முகவரிச் சான்றோடு ரயில்வேயின் திவ்யாங்ஜன் (மாற்றுத்திறனாளி) அடையாள அட்டைத் தளத்தில் பதிவேற்ற வேண்டும். கோட்ட அலுவலகத்தின் வணிகப் பிரிவு சரிபார்த்து அட்டை தரும். சான்றிதழில் பார்வையிழப்பு முழுமையானது என்று தெளிவாக இருக்கிறதா என்று வாங்கும்போதே ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து அலைச்சல். அட்டை எண் கிடைத்துவிட்டால் ஐ.ஆர்.சி.டி.சி.யிலேயே சலுகைக் கட்டணத்தில் முன்பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி ஒதுக்கீட்டு இடங்களும் பார்வைக்கு வரும். பயணத்தின்போது அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். தட்கலில் இந்தச் சலுகை செல்லாது. அதனால் முன்பதிவு திறப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே அட்டை வேலையைத் தொடங்குங்கள்.

துணைக்கு யாரைப் போடுவது? மருமகளைப் போடுங்கள். ஓடும் ரயிலில் இரவு நேரத்தில் கழிவறை வரை கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவர் பெண்ணாக இருப்பது நாத்தனாருக்கு வசதி.

கணவர் விஷயத்தில் ஒரு திருத்தம். இதய நோயாளிகளுக்கான சலுகை, அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போய்வரும் பயணத்துக்குத்தான். கோயிலுக்குப் போக அதைப் பயன்படுத்த முடியாது. வயதுக்காக அவருக்கு மிச்சம் இருப்பது கீழ் பெர்த் ஒதுக்கீடு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

துண்டு துண்டாக எடுத்தால் மலிவா?

நம் ரயில்வேயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தூரம் கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும்படி விகிதம் அமைத்திருக்கிறார்கள். 2,500 கி.மீ. பயணத்தை ஐந்நூறு, இரண்டாயிரம் என்று இரண்டாகப் பிரித்தால், இரண்டாவது டிக்கெட்டில் அந்த விகிதம் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். அதோடு முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஆளுக்கு ஒருமுறை விழும். ஸ்லீப்பரில் முன்பதிவு 20, சூப்பர்ஃபாஸ்ட் 30. மூன்றடுக்கு ஏசியில் 40, 45.

உங்கள் பயணத்திலேயே பார்க்கலாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு சூப்பர்ஃபாஸ்ட், சென்னையிலிருந்து பிரயாக்ராஜுக்கு இன்னொரு சூப்பர்ஃபாஸ்ட் என்று போனால், இந்த உதிரிக் கட்டணம் மட்டும் ஏசியில் தலைக்கு 170 ரூபாய். கன்னியாகுமரி–பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் (16367) மதுரை வழியாகவே போகிறது. அது சூப்பர்ஃபாஸ்ட் வகையில் வராது. உதிரிக் கட்டணம் 40 ரூபாயோடு முடிகிறது. ஆறு பேருக்கு 780 ரூபாய் வித்தியாசம், ஜிஎஸ்டி தனி. தூர விகிதத்தால் அடிப்படைக் கட்டணத்தில் குறைவது இதற்கு மேல். ரயில் எண் 12, 20, 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட், 11 அல்லது 13 முதல் 19 வரை என்றால் சாதாரண எக்ஸ்பிரஸ் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் தேடும்போது கைகொடுக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது அடியோடு தவறும் இல்லை. இங்கிலாந்தில் டிக்கெட்டைப் பிரித்து எடுத்துக் காசு மிச்சம் பிடிப்பது பிரபலமான உத்தி. அங்கே கட்டண முறை வேறு. நம் ஊரில் பிரிப்பது லாபமாகும் இடங்கள் சில உண்டு. ஒன்று, ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்கள். இவற்றில் பத்து சதவீத இடம் விற்றுத் தீரும்போதெல்லாம் கட்டணம் பத்து சதவீதம் ஏறும். மூன்றடுக்கு ஏசியில் 1.4 மடங்கு வரை போகும். அப்படி ஏறிய ரயிலை விட்டுச் சாதாரண எக்ஸ்பிரஸ் இரண்டில் மாறிப் போனால் செலவு குறையலாம். இன்னொன்று, வழியில் குறுகிய தூரப் பயணங்கள் வரும்போது. உங்களுக்கு நான்கு இருக்கின்றன.

குறுகிய தூரத்தில் வகுப்பைப் பார்த்து எடுங்கள்

பலருக்குத் தெரியாமல் காசு போகும் இடம் இது. ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்சத் தூரம் என்று ஒன்று உண்டு. ஸ்லீப்பரில் 200 கி.மீ., மூன்றடுக்கு ஏசியில் 300 கி.மீ. அதைவிடக் குறைவாகப் பயணம் செய்தாலும் அந்தத் தூரத்துக்கான கட்டணம்தான்.

பிரயாக்ராஜிலிருந்து வாராணசி சுமார் 130 கி.மீ. ஸ்லீப்பர் எடுத்தால் 200 கி.மீ.க்குக் கொடுப்பீர்கள், ஏசி எடுத்தால் 300 கி.மீ.க்கு. பகல் நேர ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கை போதும். வாராணசிக்குப் பக்கத்தில் இருக்கும் பண்டிட் தீன் தயாள் உபாத்யாயா சந்திப்பிலிருந்து (பழைய முகல்சராய்) கயா சுமார் 205 கி.மீ. இங்கே ஸ்லீப்பர் எடுத்தால் நஷ்டம் இல்லை, கணவர் காலை நீட்டிப் படுக்கலாம். ஏசி எடுத்தால்தான் போகாத 95 கி.மீ.க்குப் பணம். பூரி–புவனேசுவர் 62 கி.மீ.தான், முன்பதிவில்லா டிக்கெட்டே போதும். ராமேசுவரம்–மதுரையும் அப்படியே, பாம்பன் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது.

முன்பதிவில்லா டிக்கெட்டில் இரண்டு கவனம் வேண்டும். 199 கி.மீ. வரையிலான டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குக் கிளம்பும் அடுத்த ரயிலில் ஏறிவிட வேண்டும். காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கு. இரண்டாவது, பாசஞ்சர், மெமு ரயிலுக்கான சாதாரண டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறக் கூடாது. பிடிபட்டால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் ஆளுக்குக் கட்ட வேண்டும். ரயில்ஒன் செயலியில் எடுத்தாலும் சரி, கவுன்ட்டரில் கேட்டாலும் சரி, எந்த வகை ரயில் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலையம் ஒன்றாக இருக்காது. தெற்கிலிருந்து வரும் ரயில்கள் பலவும் நிற்பது பிரயாக்ராஜ் சிவ்கி. அது யமுனைக்குத் தெற்கே, நைனிப் பக்கம். பிரயாக்ராஜ் சந்திப்பு ஆற்றுக்கு வடக்கே, நகரத்துக்குள். வாராணசியிலும் அப்படித்தான்: வாராணசி சந்திப்பு, பனாரஸ் (பழைய மண்டுவாடீ), வாராணசி சிட்டி, காசி என்று நான்கு. முகல்சராயையும் சேர்த்து ஐந்து பெயரிலும் தேடிப் பார்த்தால்தான் கயாவுக்கு இருக்கும் ரயில்கள் முழுதாகத் தெரியும். வாராணசி சந்திப்பு என்று மட்டும் போட்டுத் தேடிவிட்டு "இடம் இல்லை" என்று தட்கலுக்குப் போகிறவர்கள் அதிகம்.

ஒரே டிக்கெட்டில் இறங்கி இறங்கிப் போகலாமா?

முன்பதிவு செய்த ரயிலிலிருந்து நடுவில் இறங்கிவிட்டால் உங்கள் பெர்த் அந்த ரயிலோடு போய்விடும். நான்கு நாள் கழித்து இன்னொரு ரயிலில் ஏறி அதே டிக்கெட்டைக் காட்ட முடியாது. கோயில் நண்பர் சொல்வது, 'இடைநிறுத்தம்' என்ற பழைய விதியைப் பாதி நினைவு வைத்துக்கொண்டு சொல்வது. 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டில் ஒருமுறை, 1,000 கி.மீ.க்கு மேல் என்றால் இரண்டுமுறை வழியில் தங்கலாம். முதல் 500 கி.மீ. தாண்டிய பிறகுதான் தங்க முடியும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள்தான், இறங்கும் நாளும் ஏறும் நாளும் கணக்கில் சேராது. இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டில் குறித்து வாங்க வேண்டும். மேற்கொண்டு போகும் ரயிலுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். மதுரை–பனாரஸ் டிக்கெட் எடுத்துப் பிரயாகையில் இரண்டு நாள் தங்க இந்த விதி பொருந்தும். ஆனால் மிச்சமாவது 130 கி.மீ. இரண்டாம் வகுப்புக் கட்டணம். அதற்காக மூன்று பெரியவர்களை வைத்துக்கொண்டு நிலைய அலுவலர் அறை வாசலில் நிற்க வேண்டாம் என்பேன்.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே ரயில்வே வைத்திருப்பது வட்டப் பயண டிக்கெட். கிளம்பிய நிலையத்துக்கே திரும்பி வரும் பயணமாக இருக்க வேண்டும். நடுவில் எட்டு இடங்கள் வரை தங்கலாம். மொத்தத் தூரத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதித் தூரத்துக்கான இரண்டு ஒற்றைப் பயணக் கட்டணமாகப் போடுவார்கள். உங்கள் சுற்று ஏறத்தாழ 5,800 கி.மீ. அப்படியானால் 2,900 கி.மீ. டிக்கெட் இரண்டு. இவ்வளவு நீளத் தூரத்தில் கிலோமீட்டர் விகிதம் நன்றாகக் குறைந்திருக்கும் என்பதால் அடிப்படைக் கட்டணத்தில் மிச்சம் உண்டு. பயண நாளுக்கு 400 கி.மீ.க்கு ஒன்று, தங்கும் நாளுக்கு 200 கி.மீ.க்கு ஒன்று என்று செல்லுபடி நாள் தருவார்கள். 20 நாள் தாராளமாக அடங்கும்.

இணையத்தில் இது கிடையாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த வழியாக என்று எழுதிக்கொண்டு, மதுரைக் கோட்டத்தின் வணிக மேலாளர் அலுவலகத்திலோ பெரிய நிலையத்தின் மேலாளரிடமோ கொடுக்க வேண்டும். அவர்கள் கட்டணம் கணக்கிட்டுப் படிவம் தருவார்கள். அதைக் காட்டிக் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கி, பிறகு முன்பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் உண்டு.

இதில் இரண்டு சிக்கல்களைப் பார்க்கிறேன். உங்கள் பாதையில் விஜயவாடாவுக்கும் சென்னைக்கும் இடையே போன வழியிலேயே திரும்பி வருகிறீர்கள். அலுவலகம் அதை வட்டம் என்று ஏற்க வேண்டும். அடுத்தது முன்பதிவுக் காலம். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்னதாகத்தான் பதிவு செய்ய முடியும். முதல் ரயிலுக்குப் பதிவு திறக்கும் நாளில், 18 நாள் கழித்து ஏறப்போகும் கடைசி ரயிலுக்குத் திறந்திருக்காது. எல்லாம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் முதல் ரயிலில் இடம் தீர்ந்துவிடும். ஆக, கவுன்ட்டருக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டும். டில்லி, ஹரித்துவார், துவாரகை என்று நீளமான கட்டங்கள் ஐந்தாறு இருந்தால் அந்த அலைச்சலுக்கு விலை உண்டு. உங்களுக்கு நீளமான கட்டம் மூன்றுதான், அதிலும் இருவர் சலுகைக் கட்டணத்தில் வருகிறார்கள். மூன்று நேர் டிக்கெட்டுகளே போதும் என்பது என் தீர்ப்பு.

நான் சொல்லும் வரிசை

முதலில் வாரம் ஒருமுறை ஓடும் இரண்டு ரயில்களை நிலைநிறுத்திக்கொள்ளுங்கள்: போகும்போது மதுரை–பிரயாக்ராஜ் சிவ்கி, 16367, திரும்பும்போது புவனேசுவர்–ராமேசுவரம், 20896. பின்னது சென்னை எழும்பூர், திருச்சி வழியாக நேரே ராமேசுவரத்தில் கொண்டுவிடும். கங்கை நீரை வைத்துக்கொண்டு சென்னையில் நிலையம் மாறும் வேலை இல்லை. இரண்டின் கிழமைகளும் பொருந்துகிற மாதிரி இடையில் எத்தனை நாள் எந்த ஊரில் என்பதை அமையுங்கள். கயாவிலிருந்து பூரிக்குத் தினமும் ஓடும் புருஷோத்தம் எக்ஸ்பிரஸ் (12802) இருப்பதால் நடுவில் எந்த நாளும் கிளம்பலாம்.

தேதியில் ஏமாறாதீர்கள். 60 நாள் என்பது ரயில் புறப்படும் முதல் நிலையத்தின் தேதியிலிருந்து கணக்கு. புருஷோத்தம் டில்லியில் இரவு கிளம்பி மறுநாள்தான் கயா வருகிறது. நீங்கள் கயாவில் ஏறும் தேதியிலிருந்து எண்ணினால், 61 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். ஒருநாள் தாமதமாகப் போனால் காத்திருப்புப் பட்டியல். 16367 கன்னியாகுமரியில் இரவு கிளம்பி, மதுரையைத் தொடும்போது நள்ளிரவு தாண்டி அடுத்த தேதி ஆகிவிடும். ஏறும் தேதியைப் பார்த்துக்கொண்டு, முந்தின நாள் இரவே நிலையத்துக்குப் போய்விடுங்கள். பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும். திறக்கும் நாளில் இணையத்தில் பதிவு செய்ய ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வேண்டும், மகனை இப்போதே சரிபார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆறு பேரையும் ஒரே பி.என்.ஆர்.இல் (ஒரே முன்பதிவு எண்ணில்) போடாதீர்கள். மூத்தவர்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு, 60 வயதான ஆணும் 45 வயதான பெண்ணும் தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான் வேலை செய்யும். ஆகவே நாத்தனாரும் மருமகளும் சலுகையில் ஒன்று, நீங்களும் கணவரும் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் ஒன்று, மகனும் பேத்தியும் ஒன்று. கூடுதல் செலவு ஐ.ஆர்.சி.டி.சி. வசதிக் கட்டணம்தான். யுபிஐயில் கட்டினால் ஏசி டிக்கெட்டுக்கு 20 ரூபாயும் ஜிஎஸ்டியும், மற்ற வகுப்புக்கு 10 ரூபாயும் ஜிஎஸ்டியும். மூன்று டிக்கெட்டும் ஒரே பெட்டியில் விழாமல் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று போனில் போட்டால் பக்கத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

பேத்திக்கு: ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 16367இல் இரண்டு இரவு வரும், அங்கே முழு பெர்த் எடுங்கள். முகல்சராய்–கயா பகல் பயணத்தில் பாதி போதும். முன்பதிவு செய்யும் இரண்டாம் வகுப்பு இருக்கையிலும் சேர் காரிலும் அந்தப் பாதிக் கட்டண வசதி இல்லை, முழுக் கட்டணம்தான். முன்பதிவில்லாப் பெட்டியில் பாதி.

கயாவிலிருந்து இடம் காட்டவில்லை என்றால், அதே ரயிலில் முகல்சராய்–பூரி என்று தேடிப் பாருங்கள். அங்கிருந்து ஒதுக்கீடு வேறாக இருக்கலாம். கிடைத்தால் அதை எடுத்து, ஏறும் நிலையம் கயா என்று பதிவு செய்துகொள்ளலாம். தூரம் கூடினாலும் விகிதம் குறைவதால் கட்டணம் அதிகம் ஏறாது. ஆனால் அப்படிப் பதிவு செய்யாமல் கயாவில் ஏறப் போனால் முகல்சராயில் வராதவர் என்று உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மாற்றிய பிறகு முகல்சராயில் ஏறவும் முடியாது.

20896இல் இடம் கிடைக்காவிட்டால் புவனேசுவரிலிருந்து சென்னை, அங்கிருந்து மதுரை அல்லது ராமேசுவரம் என்று இரண்டு டிக்கெட்டாகத்தான் போக வேண்டும். அப்போது இரண்டு பி.என்.ஆர்.களையும் இணைப்புப் பயணமாகச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், போகாத பயணத்தின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்பும். பயணிகள் பெயர்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட வேண்டும். இணைக்காமல் தனித்தனியாக எடுத்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒருவேளை பயணத்தையே தள்ளிவைக்க நேர்ந்தால்: ரத்துக் கட்டணம் ஆளுக்கு, டிக்கெட்டுக்கு என்று விழும். எவ்வளவு முன்னதாகச் செய்தாலும் ஸ்லீப்பரில் 120, மூன்றடுக்கு ஏசியில் 180 ரூபாய் போகும். துண்டு துண்டாக எடுத்தவருக்கு அதுவும் துண்டுக்குத் துண்டு.

தை அமாவாசை வேண்டாம்

மனம் வருந்தக்கூடாது அம்மா. நம் தை அமாவாசைதான் வடக்கே மௌனி அமாவாசை, பிரயாகையில் மாக மேளாவின் முக்கியமான நீராடல் நாள். 2025 கும்பமேளாவில் அதே நாள், ஜனவரி 29 அதிகாலை, நெரிசலில் பலர் இறந்தார்கள். பார்வையில்லாத ஒருவர், இதய நோயாளி ஒருவர், சிறு குழந்தை மூவரையும் அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டணப்படி பார்த்தாலும் அது தவறான வாரம். மேலே சொன்ன மலிவான குறுகிய பயணங்களெல்லாம் சாதாரண நாளுக்கானவை. மேளா நாளில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறவே முடியாது, டாக்ஸிக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். போதாததற்கு ஜனவரியில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும்.

மகா சிவராத்திரிக் கூட்டம் கலைந்த பிறகு, ஹோலிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் விட்டுத் தேதி பாருங்கள். பனி விலகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஹோலிக்கு முன் வடக்கே போகும் ரயில்களும், ஹோலிக்குப் பின் தெற்கே வரும் ரயில்களும் வேலைக்காக வெளியூரில் இருப்பவர்களால் நிரம்பும். பேத்திக்குப் பரீட்சை குறுக்கே வந்தால் தீபாவளி, சத் பூஜைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த நவம்பர் பின்பாதி நல்லது. ஆவணி, புரட்டாசியில் மகாளய பட்ச நாள்களில் கயா நிரம்பி வழியும், அதைத் தவிருங்கள்.

அந்த ஏஜென்ட்

ஐ.ஆர்.சி.டி.சி. அங்கீகரித்த ஏஜென்ட் ஒரு டிக்கெட்டுக்கு ஏசி அல்லாத வகுப்பில் 20 ரூபாயும் ஏசியில் 40 ரூபாயும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அது தலைக்கு இல்லை, டிக்கெட்டுக்கு. தலைக்கு 600 கேட்பதும், 'என் ஐடியில் போடுகிறேன்' என்பதும் அவர் தன் சொந்தக் கணக்கில் போட்டு விற்கிறார் என்பதற்கு அடையாளம். ரயில்வே சட்டம் 1989இன் 143ஆம் பிரிவின்படி அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்வது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை அவருக்கு என்றாலும், கணக்கை முடக்கி டிக்கெட்டை ரத்து செய்தால் மதுரை நிலையத்தில் பெட்டி படுக்கையோடு நிற்பது நீங்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டைக் கொடுத்து "ரயிலில் பேசிக்கொள்ளலாம்" என்றாலும் நம்பாதீர்கள். இணைய டிக்கெட் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். கவுன்ட்டர் டிக்கெட்டாக இருந்தாலும் காத்திருப்பில் உள்ளவர் முன்பதிவுப் பெட்டியில் பயணம் செய்ய முடியாது.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாத்தனாரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ரயில்வே சலுகைப் படிவத்தில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.